சாம்பல் பருந்து வந்தானா

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் என் மனுசன் மில்ரன் எழும்பிப் போய்க் கை கழுவினார். நான் எழும்பவில்லை. கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த படம் அது. சோறு பாதியில் நின்று, விரலெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆள் முடிஞ்சுது. இனிச் சாப்பிடு" என்றார் மில்ரன். கடலுக்குப் போகிற மனுசன். கடலில் விழுந்தவன் ஒரு கிழமைக்குள் வராவிட்டால் வரமாட்டான் என்பது அவருடைய கணக்கு, அதைக் கார்ட்டூனுக்கும் போட்டுப் பார்க்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கோப்பையோடு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

படத்தின் பெயர் சாம்பல் பருந்து. வெளிநாட்டுப் படம், தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். சாம்பல் பருந்து என்பவன் ஒரு துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். ஊருக்கு ஓர் ஆபத்து என்றால் முதுகில் சாம்பல் நிறச் செட்டை விரியும், பறப்பான். கடைசியில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று தீப்பிடித்துக் கரையை நோக்கி வருகிறது. இவன் அதை இழுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகிறான். வெடிக்கிறது. பிய்ந்துபோன செட்டை இரண்டும் தண்ணீரில் மிதப்பதைக் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் கழித்து, அவனுடைய தங்கச்சி மொட்டைமாடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் காயப்போடுகிறாள். விரிப்பில் ஒரு நிழல் விழுகிறது. செட்டை விரித்த நிழல். அவள் திரும்புகிறாள், வாய் மெல்லத் திறக்கிறது. எதைப் பார்த்தாள் என்று காட்டாமல் திரை முழுக்கச் சாம்பல் நிறமாகி, படம் முடிந்துவிடுகிறது. இப்படி முடிக்கிறவர்களைப் பிடித்து வெயிலில் நிற்கவைக்க வேண்டும்.

இது முதலில் கொமிக்ஸாக வந்த கதை. இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில், அதன் தமிழ்ப் புத்தகம் ஒன்று காமில் என்கிற பெடியனுக்குக் கிடைத்தது. முகாமில் பிள்ளைகள் ஏராளம், புத்தகம் ஒன்று. ஒருவர் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருக்க மற்றவர்களுக்கு மனமில்லை. அதனால் காமில் நடுக் கம்பியைப் பிடுங்கி, மடிப்பில் பிளேட்டால் கீறி, புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்துவிட்டான். ஒரு வீட்டில் வாசித்த தாள் அடுத்த வீட்டுக்குப் போகும், அந்த லைன், அதாவது அந்த வீட்டு வரிசை முடிந்தால் அடுத்த லைனுக்குப் போகும். ஒரே பின்னேரத்தில் முகாம் முழுக்க ஒரே புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தோம், ஆளுக்கொரு இடத்தில். முன்னால் வாசித்தவன் பின்னால் இருக்கிறவனுக்குக் கதை சொல்லக் கூடாது என்பது சட்டம். சொன்னவன் அடி வாங்கினான்.

எங்கள் வீடு கடைசி லைனில் இருந்தது. கப்பல் தீப்பிடித்த தாள் வந்தது. செட்டை மிதந்த தாளும் வந்தது. கடைசித் தாள் மட்டும் வரவில்லை. எனக்கு அப்போது நல்ல காய்ச்சல். அண்ணன் அருள்நேசன் லைன் லைனாகத் தேடிப் போய்விட்டு வந்து சொன்னான், தாளைத் தர மாட்டோம் என்கிறார்கள், அங்கேயே நின்று வாசித்துவிட்டேன் என்று. பருந்து வந்துவிட்டானாம். தங்கச்சி கதவைத் திறக்கிறாளாம், அவன் வாசலில் நிற்கிறானாம், செட்டை இல்லையாம், ஆனால் சிரிக்கிறானாம். அன்றிலிருந்து எனக்கு அதுதான் கதையின் முடிவு. வேறு முடிவு இருக்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை.

அண்ணன் இலங்கையில், இந்த மன்னாரில் பிறந்தவன். சண்டைக் காலத்தில் கைக்குழந்தையாக வள்ளத்தில் கடல் தாண்டி அக்கரைக்குப் போனான். நான் அங்கே முகாமில் பிறந்தவள். விதியைப் பாருங்கள், ஊரைக் கண்ணால் காணாத நான் சண்டை முடிந்ததும் அம்மாவோடு இங்கே திரும்பி வந்தேன், ஊரில் பிறந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். யதுர்சிகாவைக் கட்ட அப்போதுதான் பேசி முடித்திருந்தார்கள். கலியாணத்தை முடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றான். வந்த புதிதில் என் பேச்சைக் கேட்டு இங்கே எல்லாரும் இந்தியாக்காரி என்று பகிடி பண்ணினார்கள். இப்போது நான் அண்ணனுடைய பேச்சைப் பகிடி பண்ணுகிறேன், என்னோடு ஊர்ப் பேச்சுத்தான் பேசுவான், நடுவில் இந்தியா எட்டிப் பார்க்கும். இதற்கிடையில் அம்மா காலமாகிவிட்டார், அவன் பிள்ளைகள் வளர்ந்து பெரிய வகுப்புக்குப் போய்விட்டார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வரவும் முடியாது. முகாமில் பெயரை வெட்டிவிட்டு வந்தால் வந்ததுதான், திரும்பிப் போய் அதே வீட்டில் இருக்க ஏலாது.

அவனுக்காக ஓர் அறை கட்டி வைத்திருக்கிறேன். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குப் பக்கத்தில், மேற்குப் பார்த்த யன்னலோடு, நாங்களாக இறக்கிய அறை. சுவருக்குச் சீமெந்து பூசியாயிற்று, பெயின்ற் அடிக்கவில்லை. அண்ணன் அங்கே பெயின்ற் வேலைதான் செய்கிறான். "என்ர அறைக்கு நான்தான் அடிப்பன், ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று ஒருமுறை சொல்லிவிட்டான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வருசக்கணக்காகச் சுவரைச் சாம்பலாகவே விட்டிருக்கிறேன். வலைக் குவியல் ஒன்றைக்கூட அதற்குள் வைக்க மில்ரனை விட்டதில்லை.

இப்போது சிக்கல் வந்துவிட்டது. மில்ரனின் தம்பி ஜெகதீபனுக்கு, கிறிஸ்மஸ் முடிந்து, தை மாதம் கலியாணம். பெண் சோபனா, நல்ல பிள்ளை, எனக்கும் விருப்பம். இருக்க இடமில்லை. மில்ரன் சத்தம் போடுகிற ஆளில்லை. ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நத்தாருக்கு முதல் கொண்ணனை ஒரு வார்த்தை கேள். வாறார் எண்டா அறை அவருக்குத்தான், நான் ஒண்டும் கதைக்க மாட்டன். இல்லையெண்டா பெடியனுக்குக் குடுப்பம்." நியாயம்தான். நியாயமாகக் கதைக்கிறவர்களோடு சண்டை பிடிக்கவும் முடியாது. கேட்கிறேன் என்றேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும் போன் எடுப்பேன், மழை பெய்ததா, பிள்ளைகளுக்குச் சளி மாறியதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று எனக்குப் பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் படம் வந்தது. முகாமில் ஒன்றாக வளர்ந்த நாங்கள் வட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே, சிலர் வெளிநாட்டில். காமில் இப்போது முசலிப் பக்கம் வான் ஓட்டுகிறான், அவன்தான் படத்தைக் குழுவில் போட்டான். அன்றிலிருந்து குழு பற்றி எரிந்தது. பிள்ளைகுட்டி பெற்ற பெரிய மனிதர்கள், நெல்லு விதைப்பையும் கடல் தொழிலையும் விட்டுவிட்டு ஒரு நிழலைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எங்களோடு முகாமில் முதல் லைனில் இருந்த மாக்கிறட் அக்கா இப்போது நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிற ஒருவரைக் கட்டியிருக்கிறா. பருந்து செத்துவிட்டான் என்பது அவவின் கட்சி. செட்டை பிய்ந்து மிதந்ததைக் கண்ணால் கண்டோம், செட்டை இல்லாதவனுக்குச் செட்டை நிழல் எப்படி விழும், அது அவனுடைய ஆவி என்றா. காமில் சொன்னான், அது வேறொரு புதுப் பருந்து, இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்கள், அவ்வளவுதான். நான் விடுவேனா? வெறுங்கையை விரித்துக்கொண்டு ஓடி வருகிறவனின் நிழலும் செட்டை மாதிரித்தான் இருக்கும் என்று எழுதினேன். ஒருவரும் நம்பவில்லை. ஆகையால் துவாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கிக் கையை விரித்து நின்று, நிழலைப் படம் எடுக்கும்படி மில்ரனிடம் சொன்னேன். வேலி ஓரம் நின்ற கழுதை இரண்டும் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டன. மில்ரன் சிரித்த சிரிப்பில் கைபேசி ஆடியது. போதாக்குறைக்கு, கடற்கரையோரம் நிறுத்தியிருக்கிற காற்றாலையின் நிழலும் படத்துக்குள் வந்துவிட்டது. நாங்கள் அதைக் காத்தாடி என்போம். மார்கழியில் வெயில் சாய்ந்தால் அதன் செட்டை எங்கள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு போகும். படத்தில் எனக்கு மூன்று செட்டை முளைத்த மாதிரி இருந்தது. குழு முழுக்க ஒரே கேலி.

அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தான். பகிடிக்கு ஒரு சிரிப்புப் பொம்மைகூடப் போடவில்லை. நான் தனியாக எழுதிக் கேட்டேன், நீ என்ன நினைக்கிறாய் என்று. பெயின்ற் வாளிகளுக்கு நடுவில் இருந்துகொண்டு குரல் பதிவு அனுப்பினான். "அது பறவை, ஜெனி. கடற்கரை ஊர்ல பறவை பறக்காதா? சும்மா ஒரு பறவை. அந்தப் பிள்ளைதான் அவனெண்டு நினைச்சுத் திரும்புது." அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். ஆவி என்று சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. சும்மா ஒரு பறவை என்றால் என்ன அர்த்தம்? 

வந்த கோபத்தில் குழுவுக்குப் போய் ஒரு வேலை செய்தேன். படம் எப்படியும் முடியட்டும், மூலக்கதை கொமிக்ஸ்தான், கொமிக்ஸில் பருந்து உயிரோடு வந்தான், என் அண்ணன் கண்ணால் வாசித்தவன் என்று எழுதினேன். மாக்கிறட் அக்கா உடனே மறுத்தா. கொமிக்ஸில் செட்டைகளைச் சேமக்காலையில் அடக்கம் பண்ணிச் சிலுவை நட்டார்கள், எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரியும் என்றா. இன்னொருவர் சொன்னார், வந்தான், ஆனால் கண் தெரியாமல் வந்தான் என்று. இன்னொருவர், அவன் கப்பலில் ஏறவே இல்லை என்றார். ஒரே புத்தகத்துக்கு லைனுக்கொரு முடிவு. காமில் ஒரு கேள்வி போட்டான். "கடைசித் தாளைக் கண்ணால கண்டது ஆர்? சொன்னாக்கள் சொன்னதை விடுங்கோ. கண்டது ஆர்?"

மாக்கிறட் அக்கா தனக்குத் தன் தமையன் சொன்னதாக எழுதினா. அவரவர் தங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதினார்கள். நான் எழுதினேன், என் அண்ணன் கண்டான், அவனே வந்து சொல்லுவான் என்று. அண்ணன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று திரையில் காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது. கடைசியில் இரண்டு சொல் வந்து விழுந்தது. "நான் காணேல்ல."

அவ்வளவு பேருக்கும் முன்னால். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு நத்தார் நெருங்கும்வரை அவனோடு கதைக்கவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வீடு கூட்டினேன், பலகாரத்துக்கு மா இடித்தேன், பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடினேன், ஆனால் அந்த அறைக்குள் மட்டும் போகவில்லை. ஜெகதீபன் ஒருநாள் வந்து, அண்ணி, நாங்கள் மன்னார் ரவுணில் எங்காவது வாடகைக்குப் பார்க்கிறோம், நீங்கள் யோசிக்க வேண்டாம் என்றான். அந்தப் பெடியன் அப்படிச் சொன்னதுதான் எனக்கு மிச்சம் வெட்கமாகப் போய்விட்டது. கலியாணம் கட்டப் போகிற பிள்ளையை ஒரு வெறும் அறைக்காக அலைய விடுகிறேன்.

அன்று பின்னேரம் கடற்கரைக்குப் போனேன். அங்கே போனால் சில நேரம் என் கைபேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, இந்தியாவுக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பும். காலடியில் மன்னார் மணல், கையில் இந்தியா. அன்றைக்கும் வந்தது. வந்த எரிச்சலில் அண்ணனுக்கு அடித்தேன். உடனே எடுத்தான், அவனைச் சுகம் கேட்க நான் விடவில்லை.

"நீ வாறியா, இல்லையா? படத்தைப் பற்றிக் கேக்கேல்ல. உன்னைக் கேக்கிறன்."

பின்னால் யாரோ கல்லை இறக்குகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். "எனக்கே தெரியேல்ல ஜெனி. வரமாட்டன் எண்டு சொல்ல வாய் வருதில்ல. வாறன் எண்டு சொன்னா அது பொய்." யதுர்சிகாவின் தாய் படுக்கையில் கிடக்கிறாராம், மூத்தவளுக்கு அடுத்த வருசம் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனையாம், வேலையும் இங்கே வந்தால் என்ன வேலை என்று தெரியாதாம். ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒன்றும் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அழுகை வந்தது, அழுதேன், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டேன், தாளைக் காணாமல் ஏனடா அப்படிச் சொன்னாய் என்று. "எல்லா லைனும் தேடினன், ஒருத்தரும் காணேல்ல. நீ காய்ச்சல்ல கிடந்து, வந்தவனோ வந்தவனோ எண்டு கேட்டுக்கொண்டு கஞ்சி குடிக்காமக் கிடந்தாய். வந்திட்டான் எண்டன். எழும்பிக் குடிச்சாய்." பிறகு சொன்னான், "அறையை அந்தப் பிள்ளையளுக்குக் குடு."

குடுக்கிறேன் என்றேன். ஆனால் சாம்பல் சுவரோடு ஒரு புதுப் பொம்பிளையை இருத்த மாட்டேன் என்றேன். உன் அறைக்கு நீதான் அடிப்பாய் என்றாய், அடி என்றேன். எப்படி அடிக்கிறது, விசரோ உனக்கு என்றான். "போனில நிண்டு சொல்லு. கை என்ர, வேலை உன்ர." அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

நத்தாருக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து தொடங்கினோம். மில்ரன் ரவுணில் வெள்ளைப் பெயின்ற் வாங்கி வந்தார். கைபேசியை யன்னல் கட்டில் நிமிர்த்தி வைத்தேன். அண்ணன் அங்கே ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு முதலாளி மாதிரி அதிகாரம் பண்ணினான். அரத்தாளால் தேய், தூசியைத் துடை, மூலையை முதலில் அடி, மேலே இருந்து கீழே இழு, அள்ளி அப்பாதே, சுவர் என்ன உனக்கு எதிரியா. என் தலையெல்லாம் வெள்ளை. சோபனா வந்து எட்டிப் பார்த்து, அண்ணா, நாங்களும் அடிக்கட்டுமா என்று கைபேசியைப் பார்த்துக் கேட்டாள். வேண்டாம் பிள்ளை, இது என் தங்கச்சியுடைய வேலை என்றான். நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன்.

வெயில் சாயும் நேரம் கடைசிச் சுவரும் முடிந்தது. அறை பெரிதாகத் தெரிந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். தூரிகையைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு, இரண்டாவது பூச்சு எப்போது அடிக்கிறது என்று கேட்டேன்.

"அவசரப்படாத. ஒண்டு போதும், பிள்ளையள் இருக்கலாம். ரெண்டாவதை விட்டு வை."

"எவ்வளவு காலத்துக்கு?"

யன்னலால் வந்த வெளிச்சம் எதிர்ச் சுவரில் முழுசாக விழுந்து கிடந்தது. அதற்குள் ஒரு நிழல் மெல்ல ஏறி, விரிந்து, மறுபக்கமாய் இறங்கிப் போனது. கைபேசிக்குள் அண்ணனுடைய முகம் கிட்ட வந்தது.

"இப்ப சுவரில போனது என்ன?"

காத்தாடி என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"சும்மா ஒரு பறவை" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஈரம் காயாத அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் திரும்பி நின்றேன். நிழல் மறுபடியும் ஏறத் தொடங்கியது.